பதினான்கு ரெக்கார்டு நோட்டுகள்

தாழ்வாரத்தின் கடைசி அறைக் கதவில் அன்று காலையும் சாக்பீஸால் எழுதியிருந்தார்கள்: 'இங்கே அழுகை இலவசம்.'

நேற்று எழுதியிருந்தது இதைவிட மோசம். ஆலோசகர் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே ஈரத் துணியால் அதைத் துடைத்தார். மாணவர்களின் மனக்கவலைகளைக் கேட்பதற்கென்று பள்ளி அவரை நியமித்து இரண்டு வருடம் ஆகிறது. முதல் மாதமே 'அழுகை டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மாணவர்கள் வைத்த பெயர் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தார். ஆசிரியர் அறையில் பிறந்த பெயர் என்பது பிறகுதான் தெரிந்தது.

அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, உடம்பு சரியில்லாத பிள்ளைகள் படுக்க ஒரு கட்டில், சுவரில் பள்ளிக்கூடத்துக்கே பொதுவான முதலுதவிப் பெட்டி. தனி அறை கொடுக்க இடமில்லை என்று நோயாளி அறையையே அவருக்கு ஒதுக்கியிருந்தார்கள். "தலைவலிக்கும் மனவலிக்கும் ஒரே இடம், வசதிதானே" என்று தலைமையாசிரியர் அன்று சிரித்தார்.

இன்று வியாழக்கிழமை. நாளை காலை பத்து மணிக்கு நிர்வாகக் குழு கூடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணுக்கு டி.சி. கொடுத்து வெளியே அனுப்பப் போகிறார்கள். தேர்வுக்கு இருபது நாள் இருக்கும்போது எந்தப் பள்ளியும் அவளைச் சேர்த்துக்கொள்ளாது. ஒரு வருடம் போய்விடும். அவள் வீட்டில் ஒரு வருடம் போனால் படிப்பே போனது மாதிரி.

அவளைப் பள்ளியில் எல்லோரும் 'குச்சி' என்பார்கள். ஒல்லி. அதிகம் பேசமாட்டாள், பேசினால் சுருக்கென்று தைக்கும்.

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை வேதியியல் ஆசிரியர், வகுப்பே பார்க்க, அவளை நிற்கவைத்துத் திட்டினார். செய்முறைத் தேர்வுக்கான ரெக்கார்டு நோட்டை எல்லோரும் கொடுத்துவிட்டார்கள், அவள் மட்டும் கொடுக்கவில்லை. "நீயெல்லாம் எதுக்கு சயின்ஸ் எடுத்தே? உங்கப்பன் ஒர்க்‌ஷாப்ல போல்ட்டு எண்ணப் போக வேண்டியதுதானே?" என்று கேட்டார். அவள், "போல்ட்டு எண்ணுறவங்க யாரையும் அசிங்கப்படுத்துறதில்லை சார்" என்றாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. புதன்கிழமை இரண்டாவது பாடவேளையில் ஆய்வகத்தைத் திறந்தபோது, அலமாரிக்குக் கீழே மேசையில் அடுக்கி வைத்திருந்த ரெக்கார்டு நோட்டுகளில் பதினான்கு, பக்கம் பக்கமாகக் கறுத்துக் கிடந்தன. ஒரு வருட உழைப்பு. படமும் அட்டவணையும் எழுத்தும் ஒன்றும் தெரியவில்லை. மேலே அலமாரியில் இருந்த சில்வர் நைட்ரேட் பாட்டிலில் பாதிக்குமேல் காலி. செவ்வாய் மாலை ஐந்தேகாலுக்கு ஆய்வக வாசலருகே குச்சி தயங்கி நின்றதை வேதியியல் ஆசிரியரே கண்ணால் பார்த்திருந்தார்.

"அங்கே என்ன பண்ணிட்டிருந்தே?" என்று தலைமையாசிரியர் கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் தரையைப் பார்த்தாள்.

அவள் எங்கே இருந்தாள் என்பது ஆலோசகருக்குத் தெரியும். நாலு பத்திலிருந்து ஐந்தேகால்வரை இதே அறையில், இதே நாற்காலியில் உட்கார்ந்து, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள். அவள் அம்மா மூன்று மாதமாக வெளியூரில் மனநோய் மருத்துவமனையில் இருக்கிறாள். ஊருக்கு, "தங்கச்சி பிரசவத்துக்குப் போயிருக்கா" என்று அப்பா சொல்லி வைத்திருக்கிறார். விஷயம் வெளியே தெரிந்தால் தோலை உரித்துவிடுவேன் என்று பிள்ளைகளிடமும் சொல்லி வைத்திருக்கிறார். இந்த ஊரில் ஆலோசகர் அறைக்குள் போனாலே மண்டை கழண்டுவிட்டது என்று அர்த்தம். அதனால் அவள் வருவது யாருக்கும் தெரியாது. தாழ்வாரத்தில் ஆள் இல்லாதபோது வருவாள், ஆள் இல்லாதபோது போவாள். செவ்வாயன்றும் திரும்பிப் போகும்போது, வேதியியல் ஆசிரியர் நகர்வதற்காகத்தான் ஆய்வக வாசலில் தயங்கி நின்றாள்.

"நான் சொல்லிடறேன்மா. நீ என்கூட இருந்தேன்னு மட்டும்தான். வேற ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று புதன்கிழமை மாலையே கேட்டுப் பார்த்தார்.

"சாமி சத்தியமா சொல்ல மாட்டேன்னு சொன்னீங்க, டீச்சர்."

"சொன்னேன். இப்ப உன் அனுமதி கேக்கறேன்."

"நீங்க சொன்னா, அந்த ரூம் பக்கமே நான் போனதில்லைன்னு சொல்லுவேன். அப்புறம் பொய் சொன்னது நீங்கன்னு ஆகும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டி.சி. வந்தா அப்பா அடிப்பாரு. அது பழகிப்போச்சு. அம்மாவைப் பத்தி இந்த ஊர் பேசினா, அம்மா திரும்பி வரவே மாட்டாங்க" என்றாள்.

ஆலோசகர் கடவுள் நம்பிக்கை உள்ளவர். வாக்கு கொடுத்தால் அது கொடுத்த இடத்தில் மட்டும் நிற்பதில்லை, மேலேயும் எழுதப்படுகிறது என்று நம்புகிறவர். அன்று இரவு வேண்டும்போது, வாக்கை மீற வழி காட்டும்படி அவர் கேட்கவில்லை. மீறாமலே இவளைக் காப்பாற்ற ஒரு வழி காட்டு என்று கேட்டார். வேறு வழி என்றால் ஒன்றே ஒன்றுதான்: அந்த நோட்டுகளைக் கெடுத்தது யார் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

*

தலைமையாசிரியர் அறை மேசையில் பதினான்கு நோட்டுகளும் சாட்சிப் பொருள்போல அடுக்கியிருந்தன. வேதியியல் ஆசிரியர் பக்கத்து நாற்காலியில் காலைக் குறுக்கே போட்டு உட்கார்ந்திருந்தார். மாணவர்கள் அவரை 'ஆசிட்' என்று அழைப்பது அவருக்கே தெரியும். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"நான் இதைக் கொஞ்சம் பார்க்கலாமா சார்?" என்றார் ஆலோசகர்.

"எதுக்கு? நோட்டு அழுதா சமாதானம் சொல்லவா?" என்றார் வேதியியல் ஆசிரியர்.

தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "மேடம், நீங்க போலீஸா? பதினாலு வீட்டுப் பெத்தவங்க காலையிலேர்ந்து கேட்ல நிக்கறாங்க. ஒருத்தர் என் சட்டையைப் பிடிக்காத குறை. நீங்க உங்க வேலையைப் பாருங்க."

"அந்தப் பொண்ணும் என் வேலைதான் சார்."

"ஓஹோ. அப்ப அவ அங்க என்ன பண்ணிட்டிருந்தான்னு உங்களுக்குத் தெரியும்."

ஆலோசகர் நோட்டுகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பார்த்தீங்களா?" வேதியியல் ஆசிரியர் கையைத் தட்டினார். "அவளும் வாயைத் திறக்கலை, இவங்களும் வாயைத் திறக்கலை. ரெண்டு பேரும் ஒரே கட்சி. நெருப்பு இல்லாமப் புகையுமா சார்?"

வசவு காதில் விழும்போது ஆலோசகருக்கு ஒரு வழக்கம் உண்டு. எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்ப்பார். முகம் கோபத்தைக் காட்டும். கை களைப்பைக் காட்டும். வேதியியல் ஆசிரியரின் வலது ஆள்காட்டி விரல் நுனியில் பழைய கறுப்புப் புள்ளி ஒன்று இருந்தது.

"இது என்ன சார், மையா?"

"மையா!" அவர் சிரித்தார். "சில்வர் நைட்ரேட். பார்க்கத் தண்ணி மாதிரிதான் இருக்கும். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. கையில பட்டாலும் அப்ப தெரியாது. வெளிச்சம் படப் படத்தான் கறுக்கும். வெயில்ல நின்னா சீக்கிரம். சோப்புப் போட்டாலும் போகாது, தோல் உரிஞ்சாத்தான் போகும். இது போன வாரத்துது."

"அப்படின்னா அதை ஊத்தின ஆளோட கை?"

"கறுத்திருக்கும்."

"அந்தப் பொண்ணு கை சுத்தமா இருக்கே சார்."

அவர் தோளைக் குலுக்கினார். "கையுறை போட்டிருப்பா. கெமிஸ்ட்ரி ஸ்டூடண்ட்தானே. அதெல்லாம் நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கேன்."

ஆலோசகர் அனுமதிக்குக் காத்திராமல் மேலே இருந்த நோட்டைத் திறந்தார். தலைமையாசிரியர் பெருமூச்சு விட்டாரே தவிரத் தடுக்கவில்லை. பக்கம் முழுக்கக் காப்பிக்கொட்டை நிறம். ஆனால் நடுவில் ஒரு பெரிய வட்டம் மட்டும் வெளுப்பாக, கீழே இருந்த எழுத்தோடு தப்பியிருந்தது. அடுத்த நோட்டில் வட்டம் இல்லை. குறுக்கே நீளமாக ஒரு வெளுத்த பட்டை. அதற்கடுத்ததிலும் பட்டை. ஐந்தாவதில் மறுபடி வட்டம், முதல் வட்டத்தின் அதே அளவு.

வெளிச்சம் பட்ட இடம் கறுக்கும் என்றால், வெளுத்த இடத்தில் வெளிச்சம் படவில்லை. ஏதோ ஒன்று மேலே இருந்திருக்கிறது. ஒவ்வொரு நோட்டையும் விரித்து வைத்து, காற்றில் பக்கம் புரளாமல் இருக்க யாரோ மேலே கனமாக ஒரு பொருளை வைத்திருக்கிறார்கள். வெயிலில்.

பழி வாங்க வந்தவன் நோட்டில் எதையாவது ஊற்றிவிட்டுப் போவான். பதினான்கையும் ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போட மாட்டான். இவற்றைக் கெடுத்த ஆள் கெடுக்க வந்த ஆள் இல்லை. நனைந்ததைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறான்.

கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, வட்டத்தின் மேல் வைத்துப் பென்சிலால் ஓரம் வரைந்துகொண்டார்.

"ஓவியப் போட்டியா?" என்றார் வேதியியல் ஆசிரியர்.

"ஆமா சார். பரிசு வாங்கினா முதல்ல உங்களுக்குத்தான் காட்டுவேன்."

*

அறைக்குத் திரும்பியபோது நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கிரீஸ் படிந்த சட்டை, சிவந்த கண். குச்சியின் அப்பா. ஒர்க்‌ஷாப்பை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"எம் பொண்ணு இங்க வருவாளா?"

"யாரு வர்றாங்க, யாரு வரலைங்கறதை நான் யாருக்கும் சொல்றதில்லைங்க."

"பெத்தவன் கேக்கறேம்மா!"

"பெத்தவங்களுக்கும்தான்."

அவர் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "நல்லா இருந்த புள்ளை. ரெண்டு வருஷமா எதிர்த்துப் பேசறா. எல்லாம் நீங்க வந்த நேரம். ஊரான் வீட்டு அழுக்கைக் கிளறித்தான் உங்களுக்குச் சம்பளமா? நாளைக்கு அவளை வெளிய தள்ளினாங்கன்னா, நான் நேரா இங்கதான் வருவேன். பார்த்துக்குங்க."

"வாங்க. இப்ப கையில ரத்தம் வருது, அதைக் காட்டுங்க."

அவர் குனிந்து பார்த்தார். விரல் கணுவில் தகரம் கீறி ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவருக்கே தெரிந்திருக்கவில்லை. ஆலோசகர் பெட்டியைத் திறந்து, பஞ்சை நனைத்துத் துடைத்து, கட்டுத் துணியை எடுத்தார். புதுச் சுருள், பிரிக்காமல் இருந்தது. அதைப் பிரிக்கும்போதுதான் அவர் கை நின்றது.

இந்த வாரம் யாருக்கும் கட்டுப் போடவில்லை. ஆனால் நேற்றுக் காலையிலிருந்து பள்ளியில் ஒருவர் இரண்டு கையிலும் விரல் விரலாகக் கட்டுப் போட்டுக்கொண்டு திரிகிறார். பந்து பட்டுவிட்டது என்கிறார். பத்து விரலிலும் பந்து படுமா? அப்படியே பட்டாலும், பள்ளியில் இருக்கும் ஒரே முதலுதவிப் பெட்டி இங்கேதானே இருக்கிறது? அவர் ஏன் வரவில்லை?

"என்னம்மா?" என்றார் அப்பா, குரல் கொஞ்சம் இறங்கி.

"ஒண்ணுமில்லை." கட்டைச் சுற்றி முடிச்சுப் போட்டார். "நீங்க போங்க. பொண்ணை இன்னிக்கு அடிக்காதீங்க. நாளைக்குப் பத்து மணி வரைக்குமாவது."

அவர் முறைத்தார். ஆனாலும் போகும்போது விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

*

விளையாட்டுச் சாமான் அறை ஆய்வகத்துக்கும் ஆலோசகர் அறைக்கும் நடுவில் இருந்தது. உடற்பயிற்சி ஆசிரியர் உள்ளே வலையை மடித்துக்கொண்டிருந்தார். பெரிய உடம்பு, பெரிய குரல், கழுத்தில் எப்போதும் ஒரு விசில். அதுவே பெயராகவும் ஆகிவிட்டது. 'அழுகை டீச்சர்' என்ற பெயரை ஆசிரியர் அறையில் முதலில் சொன்னவர் அவர்தான்.

"வாங்க வாங்க. இங்க யாரும் அழலையே. வேர்வைதான் வரும்" என்றார் விசில். பத்து விரலிலும் வெள்ளைத் துணி. வலை நூல் அதில் மாட்டி மாட்டி இழுத்தது.

மாலை வெயில் சன்னல் கம்பிகள் வழியாகத் தரையில் கோடு போட்டிருந்தது. ஆலோசகர் மூலையைப் பார்த்தார். எறிவட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. பக்கத்துக் கூடையில் ரிலே ஓட்டத்துக்கான கட்டைகள். அவர் தாளை மேசையில் விரித்து, ஒரு எறிவட்டைத் தூக்கி அதன்மேல் வைத்தார். பென்சில் கோட்டுக்கு உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. கச்சிதமாக உட்கார்ந்தது.

விசில் வலையை மடிப்பதை நிறுத்தினார்.

"கட்டு நல்லாப் போட்டிருக்கீங்க சார். யார் போட்டாங்க?"

"என் வீட்டுக்காரி. ஏன், அதுக்கும் உங்ககிட்ட அனுமதி வாங்கணுமா?"

"பெட்டி அடுத்த ரூம்லதானே இருக்கு."

"உங்க மூஞ்சியைப் பார்த்தா இருக்கற காயமும் ஆறாது. அதான் வரலை." அவர் கதவைப் பார்த்தார், ஆலோசகரைப் பார்த்தார். "இப்ப என்ன வேணும் உங்களுக்கு?"

"நோட்டை எங்க காயப்போட்டீங்க?"

அவர் குரலில் எப்போதும் இருக்கும் கேலி இல்லை. வெறும் வெறுப்பு இருந்தது.

"மொட்டை மாடியில. போதுமா? போய்ச் சொல்லுங்க. துப்பறிஞ்சுட்டீங்களே, மெடல் குத்துவாங்க."

"எப்படி நடந்துச்சு?"

"அந்த ஹைஜம்ப் கம்பு" என்று சுவரோரம் படுத்திருந்த நீளக் கம்பைக் காலால் தட்டினார். "நாலு மீட்டர். தாழ்வாரத்து முனையில திரும்பவே திரும்பாது. ஆய்வகத்து முன்கதவுல நுழைஞ்சு பின்கதவு வழியா விட்டா நேரா மைதானம். ஆனா அந்த ஆசிட்டு, என் லேப் என்ன உன் பொதுவழியான்னு எழுதிப் போட்டு ரெண்டு மெமோ வாங்கிக் குடுத்தான். மூணாவது வந்தா ஒப்பந்தம் புதுப்பிக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. செவ்வாய்க்கிழமை அவன் டீ குடிக்கப் போயிருந்தான். ஒரு நிமிஷ வேலைதானேன்னு நுழைஞ்சேன். கம்போட பின்முனை அலமாரியில இடிச்சுது. பாட்டில் சாஞ்சு மூடி கழண்டு, நோட்டு மேல கொட்டிடுச்சு."

"என்ன பாட்டில்னு பார்க்கலையா?"

"என்னமோ இங்கிலீஷ் எழுத்தும் நம்பரும் எழுதியிருந்துச்சு. எனக்கு என்ன தெரியும்? நிறமில்லை, நாத்தமில்லை. தண்ணின்னு நினைச்சேன். பாட்டிலை எடுத்து மூடி மேல வெச்சேன். மேசையைத் துடைச்சேன். நோட்டுதான் ஓரமெல்லாம் ஊறிப்போச்சு. பசங்க கண்ணு முழிச்சு வரைஞ்சது. அப்படியே விட மனசு வரலை. காலையில கேட் திறக்கறவன் நான்தான், எல்லா ரூம் சாவியும் எங்கிட்டதான். விடிஞ்சதும் வந்து, பதினாலையும் மாடிக்குத் தூக்கிட்டுப் போயி, ஒவ்வொரு பக்கமாத் துண்டால ஒத்தி எடுத்து, வெயில்ல விரிச்சு, பறக்காம இருக்க இந்த வட்டையும் கட்டையையும் வெச்சேன்."

அவர் கட்டுப் போட்ட கைகளைப் பார்த்தார்.

"அரைமணி நேரத்துல புள்ளி புள்ளியா வந்துச்சு. துடைக்கறேன், இன்னும் கறுக்குது. நிழலுக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள எல்லாம் போச்சு. பேய் புடிச்ச மாதிரி. சத்தம் போடாம எடுத்த இடத்துலயே அடுக்கி வெச்சுட்டேன். எட்டு மணிக்கு வீட்டுக்குப் போய்ப் பார்த்தா என் கையும் அதே மாதிரி."

நன்மை செய்யப் போன கைதான் நோட்டைக் கெடுத்தது என்று ஆலோசகர் நினைத்தார். அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு?

"அந்தப் பொண்ணை நிக்கவெச்சுக் கேட்டப்ப நீங்களும் அங்கதானே இருந்தீங்க?"

"இருந்தேன்."

"ஒண்ணும் சொல்லலை."

"என்ன சொல்றது? அவளுக்கு வயசு பதினேழு. இந்த ஸ்கூல் இல்லைன்னா இன்னொரு ஸ்கூல். எனக்கு இந்த மைதானத்தை விட்டா வேற என்ன தெரியும்? ஓடறதையும் தாண்டறதையும் தவிர எனக்கு யாரு வேலை குடுப்பா?" அவர் குரல் உயர்ந்தது. "பெரிய நியாயம் பேச வந்துட்டீங்க! வாயைத் திறந்தா நாலு பேர் குடும்பத்தைக் கவுக்கறதுதான் உங்க வேலை. நோகாம ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு ஊர் கதை கேட்டுக்கிட்டு!"

ஆலோசகர் நின்றுகொண்டேயிருந்தார்.

"நாளைக்குப் பத்து மணிக்குக் கூட்டம். அதுக்குள்ள நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன் சார். மறைக்க மாட்டேன். ஆனா நான் சொன்னா, கையும் களவுமா ஒருத்தரைப் பிடிச்சதா ஆகும். நீங்க சொன்னா, பிள்ளைங்க நோட்டைக் காப்பாத்தப் பார்த்த ஒருத்தர் சொன்னதா ஆகும். ரெண்டும் ஒண்ணு இல்லை."

"வெளிய போங்க."

அவர் போகவில்லை. கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கத்தரிக்கோலை எடுத்து மேசையில் வைத்தார். "காயமில்லாத விரல்ல ரெண்டு மூணு நாள் துணி இறுக்கிக் கட்டியிருந்தா, தோல் ஊறி நிஜமாவே புண்ணாயிடும். வெதுவெதுன்னு தண்ணியில நனைச்சு எடுங்க. வறட்டு இழுப்பு இழுக்காதீங்க."

"போங்கன்னு சொன்னேன்ல!"

கதவு அவருக்குப் பின்னால் அறைந்து சாத்தப்பட்டது. கத்தரிக்கோல் வெளியே வீசப்படும் என்று எதிர்பார்த்து நாலு அடி நடந்தார். வீசப்படவில்லை.

*

வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்துக்கு அறுநூறு பிள்ளைகள் மைதானத்தில் வரிசையாக நின்றார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரிசையின் கடைசியில் குச்சி நின்றாள். அவளுக்கு முன்னால் நின்றவர்கள் ஒரு ஆள் அளவு இடம் விட்டு நின்றார்கள். கேட்டுக்கு வெளியே பதினான்கு வீட்டுப் பெற்றோரில் பாதிப் பேர். கொஞ்சம் தள்ளி, கணுவில் கட்டுடன் ஒர்க்‌ஷாப்காரர். எல்லோரும் பத்து மணிக்காகக் காத்திருந்தார்கள். ஆலோசகர் மேடைப் படியருகே நின்று, உதடு அசையாமல் வேண்டிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமைகளில் கூட்டம் முடிந்ததும் கைகால் பயிற்சி உண்டு. விசில் மேடையேறினார். இரண்டு கையும் பேன்ட் பாக்கெட்டில் இருந்தன. விசிலைப் பல்லில் கடித்திருந்தார். நீளமாக ஒரு முறை ஊதினார்.

"நேராக... நில்!"

அறுநூறு குதிகால்கள் சேர்ந்தன.

"கைகள்... மேலே!"

அறுநூறு ஜோடிக் கைகள் உயர்ந்தன. மேடையில் அவர் கைகள் பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தன. எப்போதும் பிள்ளைகளோடு சேர்ந்து செய்கிறவர். முன்வரிசைச் சின்னப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இறக்கு" என்று அவர் சொல்லவில்லை. ஐந்து எண்ணும் நேரம், பத்து எண்ணும் நேரம். பின்வரிசையில் யாரோ முனகினார்கள்.

பிறகு அவர் கைகளை மெதுவாக வெளியே எடுத்து, தலைக்கு மேலே தூக்கினார். கட்டு இல்லை. பத்து விரல் நுனியும் கரியில் முக்கியெடுத்ததுபோல, நகத்தோடு கறுத்திருந்தன.

முதலில் சிரிப்புதான் எழுந்தது. "விசில் சார் அடுப்பு ஊதினாரா?" என்று ஒரு குரல். சிரிப்பு மைதானம் முழுக்கப் பரவியது. மேடையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. வேதியியல் ஆசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். அந்தக் கறுப்பை அந்த மைதானத்தில் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

விசில் கைகளை இறக்காமலேயே அவர் பக்கம் திரும்பினார். "ஆமா சார். நான்தான். உங்க லேப் வழியாக் கம்பைத் தூக்கிட்டுப் போனேன். பாட்டில் கொட்டிடுச்சு. தண்ணின்னு நினைச்சுக் காயப்போட்டேன். அந்தப் பொண்ணுக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்லை." மைக் பக்கத்தில் இருந்ததால் கேட்டுக்கு வெளியே வரை கேட்டது. பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. "கைகள்... கீழே!"

சிரிப்பு நின்றுவிட்டது. கைகள் தொப்பென்று விழுந்த சத்தம் மட்டும்.

*

கூட்டம் பத்து மணிக்கு நடக்கத்தான் செய்தது, டி.சி. பற்றிப் பேச்சில்லை. உடற்பயிற்சி ஆசிரியருக்கு மூன்றாவது மெமோ. பூட்டி வைக்க வேண்டிய பாட்டிலைத் திறந்த அலமாரியில் வைத்ததற்காக வேதியியல் ஆசிரியருக்கு முதல் மெமோ. விசிலின் வேலை பற்றித் தேர்வுக்குப் பிறகு முடிவெடுப்பதாகச் சொன்னார்கள். அது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்தே விளையாட்டு நேரத்தையெல்லாம் அந்தப் பதினான்கு பேருக்கு நோட்டு திரும்ப எழுத விட்டுக்கொடுத்துவிட்டார். மைதானம் சும்மா கிடப்பதைப் பார்த்தபடி சாமான் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டபோது ஆலோசகரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குச்சியிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. தலைமையாசிரியர், "சரி சரி, க்ளாசுக்குப் போ" என்றார். அப்பா கேட்டுக்கு வெளியிலிருந்தே திரும்பிப் போய்விட்டார். ஊர் வாயை மூட எந்த உலைமூடியும் இல்லை: 'எல்லாத்துக்கும் அந்த அழுகை டீச்சர்தான் காரணம், பாவம் ஒரு நல்ல மனுஷன் வேலைக்கு உலை வெச்சுட்டா' என்று மதியத்துக்குள் பேச்சு மாறியிருந்தது.

மாலை நாலரைக்குக் கதவு தட்டப்பட்டது. அந்த அறையின் கதவைத் தட்டிவிட்டு வருகிறவர்கள் குறைவு. வேதியியல் ஆசிரியர் வாசலிலேயே நின்றார். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்தப் பொண்ணு என் லேப் பக்கமா நின்னா. லேப்புக்கு வரலைன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. சாமான் ரூமுக்கும் வரலை. அதுக்கப்புறம் இந்தத் தாழ்வாரத்துல இருக்கறது இந்த ரூம் ஒண்ணுதான்."

ஆலோசகர் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"இங்கதான் இருந்தாளா?"

"அதை நான் சொல்ல மாட்டேன் சார்."

"இன்னிக்கும் சொல்ல மாட்டீங்க?"

"என்னிக்கும்."

"கல்லுல நார் உரிச்சாலும் உரிக்கலாம்" என்று முணுமுணுத்தார். கட்டிலைப் பார்த்தார், இரண்டு நாற்காலிகளையும் பார்த்தார். மேசையில் நாலைந்து கசங்கிய கைக்குட்டைக் காகிதங்கள் இருந்தன. கக்கத்தில் இடுக்கியிருந்ததை எடுத்து, வாசலில் நின்றபடியே கையை நீட்டினார். அட்டை மடங்காத, புத்தம்புதிய ரெக்கார்டு நோட்டு. முதல் பக்கத்தில் பெயர் எழுதும் கோடு காலியாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு சோதனைக்கும் தலைப்பையும் தேதியையும் அவர் கையெழுத்திலேயே எழுதி வைத்திருந்தார், அவள் நிரப்ப வேண்டியதை மட்டும் விட்டு.

"யாராவது இங்க வந்தா குடுங்க. திங்கட்கிழமை காலையில என் மேசையில இருக்கணும். ஒரு நிமிஷம் தாமதமானாலும் வாங்க மாட்டேன்."

"சொல்றேன் சார், யாராவது வந்தா."

அவர் திரும்பி நடந்தார். ஆய்வகத்தைத் தாண்டும்போது வேகத்தைக் குறைக்கவில்லை, பக்கவாட்டில் பார்க்கவுமில்லை. படிக்கட்டில் ஏறி, தாழ்வாரம் காலியாகும்வரை அவர் செருப்புச் சத்தம் வேண்டுமென்றே செய்வதுபோலப் பலமாகக் கேட்டது.

சத்தம் அடங்கிய பிறகு, கதவருகே ஒரு ஒல்லியான நிழல் வந்து நின்றது.